லெட்டர்ஃபிராக் தொழிற்பள்ளி – வேதனையும் ஒரு பாரம்பரியமே

முன்னுரை

சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமரா நூலகத்தை அறியாத தமிழ் வாசகர்கள் குறைவு. ஆனால் கன்னிமரா என்பது அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரையில் உள்ள ஒரு நிலப்பகுதியின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. 1886 முதல் 1890 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த ராபர்ட் பர்க் என்பவருக்கு 1887-இல் கன்னிமரா பிரபு என்ற பட்டம் வழங்கப்பட்டது. அவருடைய பெயரைத்தான் அந்த நூலகம் இன்றும் தாங்கி நிற்கிறது.

அதே 1887-ஆம் ஆண்டில், அதே கன்னிமராப் பகுதியில் உள்ள லெட்டர்ஃபிராக் என்ற சிற்றூரில், சிறுவர்களுக்கான கத்தோலிக்க விடுதிப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. அதன் பெயர் புனித சூசையப்பர் தொழிற்பள்ளி. 87 ஆண்டுகள் நடந்து 1974-இல் அது மூடப்பட்டது. அயர்லாந்தின் வரலாற்றில் மிகவும் வேதனையான பெயர்களில் ஒன்றாக அது இன்று நினைவுகூரப்படுகிறது. ஆனாலும் அந்தக் கட்டடம் இடிக்கப்படவில்லை.

பாரம்பரியக் கட்டடம் என்றதும் கோயில், கோட்டை, அரண்மனை போன்றவையே நினைவுக்கு வரும். பெருமைப்பட ஏதுமில்லாத, வெட்கப்பட வேண்டிய ஒரு கட்டடத்துக்குப் பாரம்பரிய மதிப்பு இருக்க முடியுமா? இருக்குமானால் அது எதில் இருக்கிறது? இக்கேள்விகளுக்கு லெட்டர்ஃபிராக்கின் கதை நல்ல விடை தருகிறது.

ஊரின் தோற்றம்

லெட்டர்ஃபிராக் கால்வே மாவட்டத்தில் உள்ளது. ஒருபுறம் அட்லாண்டிக் கடல், மறுபுறம் 442 மீட்டர் உயரமுள்ள டைமண்ட் ஹில் என்ற மலை, சுற்றிலும் சதுப்பு நிலம். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மழையும் காற்றும் வீசும் இடம்.

இந்த ஊரை உருவாக்கியவர்கள் கத்தோலிக்கர்கள் அல்லர் என்பது ஆச்சரியமான செய்தி. 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் ஏற்பட்டது. பத்து லட்சம் பேர் மாண்டனர். மேலும் பல லட்சம் பேர் கப்பலேறி வெளிநாடு சென்றனர். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் கன்னிமராவும் ஒன்று. இந்த நிலையில் 1849-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் எல்லிஸ், மேரி எல்லிஸ் என்ற தம்பதியர் இங்கு வந்து குடியேறினர். இவர்கள் குவேக்கர் எனப்படும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். குவேக்கர்கள் போரை எதிர்ப்பவர்கள். பஞ்ச காலத்தில் மதம் மாறச் சொல்லாமல் கஞ்சி ஊற்றியவர்கள் என்ற நற்பெயரும் அவர்களுக்கு அயர்லாந்தில் உண்டு.

எல்லிஸ் தம்பதியர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சதுப்பு நீரை வடித்து, மரங்களை நட்டனர். ஊர் மக்களுக்குக் கூலி வேலை கொடுத்தனர். பள்ளிக்கூடம், மருந்தகம், கடை, தொழிலாளர் வீடுகள், தமக்கென ஒரு வீடு ஆகியவற்றைக் கட்டினர். உடல்நலக் குறைவால் 1857-இல் இங்கிலாந்து திரும்பினர். எட்டே ஆண்டுகள்தான் என்றாலும் அவர்கள் கட்டிய கட்டடங்களே ஊரின் அடித்தளமாயின.

அதன்பின் சொத்து கைமாறியது. 1880-களில் டூவம் நகரின் கத்தோலிக்கப் பேராயர் ஜான் மெக்எவில்லி அதைத் திருச்சபைக்காக வாங்கினார். பசித்தவனுக்கு வேலை கொடுப்பதற்காக எழுப்பப்பட்ட ஓர் இடம், பிற்காலத்தில் ஏழைப் பிள்ளைகளை அடைத்துவைக்கும் இடமாக மாறியது இப்படித்தான்.

தொழிற்பள்ளி என்பது என்ன?

தொழிற்பள்ளி என்ற பெயரைக் கேட்டதும் நம் ஊர்த் தொழிற்பயிற்சி நிலையம் (ஐ.டி.ஐ.) போன்றது என்று எண்ணிவிடக் கூடாது. அது வேறு. 1868-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அயர்லாந்தில் இப்பள்ளிகள் தோன்றின. அநாதைகள், பிச்சையெடுக்கும் பிள்ளைகள், வீடற்றவர்கள், பெற்றோரால் பராமரிக்க இயலாதவர்கள் ஆகியோரை நீதிமன்றம் ஆணையிட்டு இங்கு அனுப்பும். பிற்காலத்தில் பள்ளிக்கு ஒழுங்காகப் போகாத பிள்ளைகளும், சிறு திருட்டில் பிடிபட்ட பிள்ளைகளும் அனுப்பப்பட்டனர். ஒருமுறை அனுப்பப்பட்டால் பெரும்பாலும் 16 வயது வரை அங்கேதான் இருக்க வேண்டும்.

பள்ளிகளை நடத்தியவை பெரும்பாலும் கத்தோலிக்கத் துறவற சபைகள். பணம் கொடுத்தது அரசு. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் மானியம் வந்தது. பிள்ளைகள் எண்ணிக்கை கூடினால் வருமானம் கூடும், குறைந்தால் வருமானம் குறையும். இந்த ஏற்பாட்டில்தான் பின்னால் நேர்ந்த பல தீமைகளின் வேர் இருக்கிறது. வறுமையில் வாடும் ஒரு தாய்க்கு அந்தப் பணத்தைக் கொடுத்திருந்தால் அவளே பிள்ளையை வளர்த்திருப்பாள் என்பதை அன்றைய அரசு எண்ணிப் பார்க்கவில்லை.

லெட்டர்ஃபிராக் பள்ளியை நடத்தியது கிறிஸ்தவச் சகோதரர்கள் சபை. 1802-இல் எட்மண்ட் ரைஸ் என்பவர் ஏழைச் சிறுவர்களுக்குக் கல்வி கொடுப்பதற்காக வாட்டர்ஃபோர்ட் நகரில் தொடங்கிய சபை இது. அயர்லாந்தில் எண்ணற்ற ஏழைகள் படித்து முன்னேறியது இந்தச் சபையின் பள்ளிகளால்தான் என்பதும் உண்மை. அதே சபை நடத்திய தொழிற்பள்ளிகளில் நடந்தது வேறு கதை.

சுவர்களுக்கு உள்ளே

1887 அக்டோபரில் பள்ளி திறக்கப்பட்டது. உறங்கும் கூடம், உணவுக்கூடம், வகுப்பறைகள், தொழிற்கூடங்கள் எல்லாம் ஒரு முற்றத்தைச் சுற்றி அமைந்தன. எல்லிஸ் தம்பதியர் வாழ்ந்த வீடு சகோதரர்களின் மடமானது. அதைச் சுற்றிலும் பண்ணை நிலம் இருந்தது. தையல், செருப்புத் தைத்தல், தச்சு, ரொட்டி சுடுதல், விவசாயம் ஆகியவை சிறுவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. கற்பிக்கப்பட்டன என்பதைவிட, பள்ளிக்குத் தேவையான ஆடை, செருப்பு, உணவு ஆகியவற்றை அவர்களே உழைத்துச் செய்தனர் என்பது பொருந்தும். வெளியே வந்த பிறகு பிழைப்புக்கு உதவும் வகையில் அந்தப் பயிற்சி பெரும்பாலும் அமையவில்லை.

பள்ளி நடந்த 87 ஆண்டுகளில் ஏறத்தாழ 2,800 சிறுவர்கள் இங்கு வந்து சென்றனர். இவர்களில் பலர் நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள டப்ளின் போன்ற நகரங்களிலிருந்து வந்தவர்கள். கால்வே நகரமே இங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அந்தக் காலத்தில் ஏழைப் பெற்றோர் பிள்ளையைப் பார்க்க அவ்வளவு தூரம் வருவது நடவாத காரியம். தப்பி ஓடினாலும் சதுப்பு நிலத்தையும் மலையையும் கடந்து போக வேண்டும். பிடிபட்டுத் திரும்பக் கொண்டுவரப்பட்டால் அடியும் அவமானமும் காத்திருக்கும்.

1954-இல் சபை ஒரு முடிவெடுத்தது. இனி நீதிமன்றத்தால் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்ட சிறுவர்களை மட்டும் லெட்டர்ஃபிராக்கில் வைத்துக்கொள்வது என்பதே அது. அதன்பின் லெட்டர்ஃபிராக் என்ற பெயரே நாடெங்கும் பிள்ளைகளைப் பயமுறுத்தும் சொல்லாக ஆனது. பிற்காலத்தில் எழுத்தாளராகவும் டப்ளின் மாநகராட்சி உறுப்பினராகவும் ஆன மானிக்ஸ் ஃபிளின் தனது 11-ஆம் வயதில் இங்கு அனுப்பப்பட்டவர். அந்த அனுபவத்தை அவர் 1983-இல் நாவலாக எழுதினார்.

லெட்டர்ஃபிராக்கிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கைல்மோர் மடம் உள்ளது. ஏரிக்கரையில் அமைந்த அழகிய மாளிகை அது. 1920-இல் பெனடிக்டின் கன்னியர் அதை வாங்கி, பெண்களுக்கான விடுதிப் பள்ளியை 2010 வரை நடத்தினர். கட்டணம் செலுத்த வசதியுள்ள குடும்பத்துப் பெண்கள் அங்கு படித்தனர். இரண்டும் கத்தோலிக்க விடுதிப் பள்ளிகளே, இரண்டும் ஒரே மலைத்தொடரின் அடிவாரத்தில் இருந்தவையே. ஆனால் பணம் இருந்த குடும்பத்தின் பிள்ளைக்கு ஒரு பள்ளி, பணம் இல்லாத குடும்பத்தின் பிள்ளைக்கு வேறொரு பள்ளி. கன்னிமராவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் பார்ப்பது கைல்மோரைத்தான்.

பீட்டர் டைரல்

லெட்டர்ஃபிராக்கின் கதையில் மறக்க முடியாத பெயர் பீட்டர் டைரல். 1916-இல் கால்வே மாவட்டத்தில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். 1924-இல் எட்டு வயதில் தன் சகோதரர்களுடன் இப்பள்ளிக்கு அனுப்பப்பட்டார். 1932 வரை இங்கிருந்து தையல் கற்றார். பின்னர் பிரிட்டிஷ் இராணுவத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டுப் போர்க் கைதியாக இருந்தார். லெட்டர்ஃபிராக்கில் வளர்ந்த தனக்குக் கைதி முகாம் அவ்வளவு கொடுமையாகத் தெரியவில்லை என்ற பொருள்பட அவர் எழுதியிருக்கிறார்.

போருக்குப் பின் இங்கிலாந்தில் தையல்காரராக வாழ்ந்த டைரல், தான் கண்டதை வெளியில் சொல்லத் தீர்மானித்தார். பலருக்குக் கடிதம் எழுதினார். கேட்பாரில்லை. காது கொடுத்துக் கேட்ட ஒரு சிலரில் ஒருவர் அயர்லாந்து மேலவை உறுப்பினரான ஓவன் ஷீஹி-ஸ்கெஃபிங்டன். பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் அவர். அவர் கொடுத்த ஊக்கத்தினால் 1950-களின் இறுதியில் டைரல் தன் கதையை எழுதி அவருக்கு அனுப்பினார். ஆனால் அது அச்சேறவில்லை.

1967 ஏப்ரலில், லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்ற திறந்தவெளியில் டைரல் தன் உடலுக்குத் தீ வைத்து உயிர் துறந்தார். இறந்தவர் யார் என்று கண்டுபிடிக்கவே ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அருகில் கிடந்த கிழிந்த அஞ்சலட்டையில் எஞ்சியிருந்த சில சொற்களே துப்பாக அமைந்தன. அவற்றில் ஒன்று ஸ்கெஃபிங்டன் என்ற பெயர்.

அவர் எழுதிய பிரதி ஸ்கெஃபிங்டனின் காகிதங்களுக்கிடையே பல்லாண்டுகள் கிடந்தது. டியர்மட் வீலன் என்ற வரலாற்றாய்வாளர் அதைக் கண்டெடுத்துப் பதிப்பிக்க, 2006-இல் நூலாக வந்தது. எழுதி முடித்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, எழுதியவர் இறந்து 39 ஆண்டுகளுக்குப் பிறகு அது வாசகர்களைச் சென்றடைந்தது.

உண்மை வெளிவந்த காலம்

1970-இல் கென்னடி அறிக்கை எனப்படும் அரசுக் குழுவின் அறிக்கை, இத்தகைய பெரிய விடுதிகளைக் கைவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1974-இல் லெட்டர்ஃபிராக் பள்ளி மூடப்பட்டது. ஆனால் உள்ளே நடந்தவை பற்றி நாடு இன்னும் கால் நூற்றாண்டு மௌனமாகவே இருந்தது.

1999-இல் மேரி ராஃப்டரி என்ற பத்திரிகையாளர் தயாரித்த தொலைக்காட்சித் தொடர் அந்த மௌனத்தை உடைத்தது. அதே ஆண்டு மே 11 அன்று பிரதமர் பெர்ட்டி அகர்ன், அரசின் சார்பில் பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. நீதிபதி ஷான் ரயன் தலைமையில் அதன் அறிக்கை 2009 மே 20 அன்று ஐந்து தொகுதிகளாக வெளியானது. அதில் லெட்டர்ஃபிராக்குக்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கப்பட்டது.

அறிக்கை கூறியது சுருக்கமாக இதுதான்: இப்பள்ளி குடும்பத்தாரும் நண்பர்களும் எட்ட முடியாத தனிமையான இடத்தில் இருந்தது. அடி மிகக் கடுமையாகவும் எங்கும் பரவியும் இருந்தது. மற்றப் பிள்ளைகள் பார்க்கும்படியோ கேட்கும்படியோ அடிப்பதன் மூலம் அச்சத்தை உண்டாக்கி அவர்களைக் கட்டுப்படுத்தினர். பிள்ளைகள் மீதான பாலியல் கொடுமை தீராத நோய்போல் இருந்தது. ஆணையம் ஆராய்ந்த காலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு, அத்தகைய குற்றம் செய்தவர் ஒருவராவது பள்ளியில் இருந்திருக்கிறார். இருவர் தலா 14 ஆண்டுகள் அங்கேயே இருந்திருக்கின்றனர். எப்படி இவ்வளவு காலம் அவர்கள் கண்டுபிடிக்கப்படாமல் இருந்தனர் என்பதற்குச் சபையால் விளக்கம் தர இயலவில்லை.

2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இழப்பீட்டு வாரியம், நாடு முழுவதும் இத்தகைய விடுதிகளில் பாதிக்கப்பட்ட 15,000-க்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு வழங்கியது. டைரல் உயிரோடு இருந்து சொன்னபோது கேட்கப்படாத செய்தி, இப்போது அரசின் சொந்த அறிக்கையிலேயே பதிவானது.

கட்டடத்துக்கு நேர்ந்தது

பள்ளி மூடப்பட்ட பின் அந்தப் பெரிய கட்டடத்தை என்ன செய்வது? அப்போது லெட்டர்ஃபிராக் பகுதியில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. இளைஞர்கள் ஊரைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். 1970-களின் தொடக்கத்தில் ஊர் மக்கள் சேர்ந்து பங்குதாரர்களாகி 'கன்னிமரா வெஸ்ட்' என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தனர். 1978-இல் அந்த நிறுவனம் தொழிற்பள்ளிக் கட்டடத்தை வாங்கியது. வெளியாட்கள் வாங்கி உல்லாச விடுதியாக்கவில்லை. அரசும் எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளியின் நிழலில் வாழ்ந்த ஊரே அதை வாங்கிக்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது.

பள்ளியின் பண்ணை நிலத்தில் ஒரு பகுதி 1980-இல் திறக்கப்பட்ட கன்னிமரா தேசியப் பூங்காவுடன் சேர்ந்தது. பூங்காவின் பார்வையாளர் நிலையம் பழைய பண்ணைக் கட்டடங்களில் இயங்குகிறது. பிரதான கட்டடத்தில் ஊருக்கான சேவைகள் வந்தன. 1987-இல், பள்ளி திறந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, கால்வேயில் இருந்த அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியுடன் சேர்ந்து மரச்சாமான் வடிவமைப்புக் கல்லூரி ஒன்று அங்கு தொடங்கப்பட்டது. அது வளர்ந்து, 2022 முதல் அட்லாண்டிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக உள்ளது.

ஒரு காலத்தில் விருப்பமின்றிச் சிறுவர்கள் தச்சு வேலை செய்த இடத்தில், இப்போது தாமே விரும்பி வந்த இளைஞர்கள் மரத்தொழிலைப் பட்டப்படிப்பாகப் படிக்கின்றனர். வேலை ஒன்றுதான். ஆனால் அன்று அங்கிருந்தவனுக்கு வெளியே போகும் உரிமை இல்லை. இன்று படிப்பவனுக்கு அது இருக்கிறது.

கல்லூரிக்காகக் கட்டடத்தை விரிவாக்கும் பொறுப்பு, ஷீலா ஓடானல், ஜான் டூமி என்ற கட்டடக்கலைஞர் தம்பதியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் முன் ஒரு சிக்கல் இருந்தது. பழைய கட்டடத்தை அப்படியே அழகுபடுத்தினால், அங்கு நடந்ததற்குப் பொன்முலாம் பூசியதுபோல் ஆகும். முற்றிலும் இடித்தால், நடந்ததற்கு இருந்த சாட்சியும் போய்விடும். அவர்கள் பழைய கட்டடத்தை இருந்த இடத்திலேயே விட்டு, புதிய இயந்திரக் கூடங்களையும் மற்றக் கட்டடங்களையும் அதன் பக்கத்தில் மரச் சட்டங்கள் வெளியே தெரியும்படி எழுப்பினர். பழைய முற்றத்தின் இறுக்கமான ஒழுங்கு தளர்ந்து, இடம் ஊரை நோக்கித் திறந்தது. இப்பணியின் முக்கியப் பகுதி 2001-இல் நிறைவுற்றது. 2004-இல் வெனிஸ் நகரில் நடந்த உலகக் கட்டடக்கலைக் கண்காட்சியில் அயர்லாந்து நாட்டின் சார்பாக வைக்கப்பட்டது இந்தத் திட்டம்தான். தன் நாட்டின் அவமானச் சின்னம் ஒன்று மாறிய கதையையே உலகின் முன் காட்டுவதற்கு அயர்லாந்து அந்த ஆண்டு தேர்ந்தெடுத்தது.

மரங்களுக்கிடையே ஒரு கல்லறை

பள்ளியின் பின்புறம், மரங்கள் அடர்ந்த இடத்தில் ஒரு சிறிய கல்லறைத் தோட்டம் உள்ளது. பள்ளியில் இருந்தபோது இறந்த சிறுவர்கள் அங்கு அடக்கம் செய்யப்பட்டனர். பள்ளி நடந்த காலத்தில் இறந்தவர்கள் நூறு பேர் என்று ஒரு கணக்கும், 147 பேர் என்று மற்றொரு கணக்கும் உள்ளன. காசநோய் முதலான நோய்கள் பதிவுகளில் காரணமாகக் காணப்படுகின்றன. அந்தக் காலத்தில் ஏழைக் குழந்தைகள் எங்கும் நோயால் இறந்தனர் என்பது உண்மைதான். ஆனால் நோயுற்ற பிள்ளையின் பக்கத்தில் தாய் இருக்க முடியாமற்போனது நோயின் குற்றமல்ல.

இறந்தவர்களின் எண்ணிக்கையிலேயே இரண்டு கணக்குகள் இருக்கின்றன என்பதே, அந்தப் பிள்ளைகள் எவ்வளவு அக்கறையோடு பதிவு செய்யப்பட்டனர் என்பதற்குச் சான்று. பின்னாளில் இங்கு சிறுவர்களின் பெயர்களும் வயதும் பொறித்த சிறிய கற்கள் வைக்கப்பட்டன. பார்க்க வருபவர்கள் பொம்மைகளையும் பூக்களையும் வைத்துச் செல்வதுண்டு. லெட்டர்ஃபிராக்கில் மிகச் சிறியதும் மிக முக்கியமானதுமான பாரம்பரியச் சின்னம் எது என்றால் இதுதான்.

இடிப்பதா, காப்பதா?

இத்தகைய கட்டடங்களை என்ன செய்வது என்ற கேள்வி அயர்லாந்துக்கு மட்டும் உரியதல்ல. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் இதே கிறிஸ்தவச் சகோதரர்கள் சபை நடத்திய மவுண்ட் கேஷல் அநாதை விடுதி, பாலியல் கொடுமை அம்பலமானபின் 1990-இல் மூடப்பட்டு 1992-இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று ஒரு பல்பொருள் அங்காடி நிற்கிறது. அதே கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஷுபெனகாடி கத்தோலிக்க விடுதிப் பள்ளிக் கட்டடம் 1986-இல் அழிந்துவிட்டது. ஆயினும் அது இருந்த இடம் 2020-இல் தேசிய வரலாற்று இடமாக அறிவிக்கப்பட்டது. கட்டடமே இல்லாத இடத்துக்கும் பாரம்பரிய மதிப்பு உண்டு என்று அந்த நாடு ஏற்றுக்கொண்டது.

இடிக்க வேண்டும் என்போர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அங்கே அடிபட்டவனுக்கு அந்தச் சுவர் வெறும் சுவரல்ல. அதைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் அவன் பழையபடி சிறுவனாகிறான். அவனுடைய வேதனையைப் பார்வையாளர்களுக்கான காட்சிப்பொருளாக்க மற்றவர்களுக்கு உரிமை இல்லை. ஆகவே இத்தகைய இடங்களில் முதல் சொல் அங்கே வாழ்ந்தவர்களுடையதாக இருக்க வேண்டும்.

காக்க வேண்டும் என்போரின் நியாயம் வேறு. தொழிற்பள்ளிகளில் நடந்தவை வெளிவராமல் இருந்ததற்குக் காரணம் எவரும் அறியாதது அல்ல, அறிந்தவர்கள் பேசாததுதான். கட்டடமும் போய்விட்டால் பேசாதவர்களுக்கு வசதியாகிவிடும். அயர்லாந்து அரசு ரயன் அறிக்கைக்குப் பின் டப்ளினில் ஒரு தேசிய நினைவுச்சின்னம் அமைக்க முயன்றது. 2013-இல் திட்டமிடல் மேல்முறையீட்டு வாரியம் அதற்கு அனுமதி மறுத்துவிட்டது. புதிதாக ஒரு சின்னம் எழுப்புவது இவ்வளவு கடினம் என்றால், ஏற்கெனவே நிற்கும் சாட்சியை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணிப் பார்க்கலாம். டப்ளின் ஷான் மெக்டெர்மட் தெருவில் பெண்கள் அடைத்துவைக்கப்பட்ட பழைய சலவைக்கூடத்தை ஓட்டல் கட்ட விற்பதை 2018-இல் மாநகராட்சி நிராகரித்தது. அந்த இடத்தில் தேசிய ஆய்வு மற்றும் நினைவு மையம் அமைக்கப்படும் என 2022-இல் அரசு அறிவித்தது. மக்கள் மனப்போக்கு மாறியதற்கு இது அடையாளம்.

பாரம்பரிய மதிப்பு எதில் உள்ளது?

அயர்லாந்தின் 2000-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம், ஒரு கட்டடத்தைப் பாதுகாக்க எட்டு வகைச் சிறப்புகளைக் குறிப்பிடுகிறது. கட்டடக்கலை, வரலாறு, தொல்லியல், கலை, பண்பாடு, அறிவியல், சமூகம், தொழில்நுட்பம் என்பவையே அவை. இவற்றில் கட்டடக்கலை என்ற அளவுகோலால் மட்டும் அளந்தால் தொழிற்பள்ளி பெரிய மதிப்பெண் பெறாது. சாதாரணமான, எளிய, நீண்ட கட்டடம் அது. அதன் மதிப்பு மூன்று காரணங்களால் அமைகிறது.

முதலாவது, ஒரே இடத்தில் அடுக்கடுக்காக மூன்று வரலாறுகள் உள்ளன. பஞ்சத்தில் உதவ வந்த குவேக்கர் தம்பதியர், அரசும் திருச்சபையும் சேர்ந்து நடத்திய தொழிற்பள்ளி, தன் காலில் நிற்க முயன்ற ஊர் மக்கள் என்ற மூன்றும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. அயர்லாந்தின் நூற்றைம்பது ஆண்டுச் சமூக வரலாற்றை ஒரு சிற்றூரில் படித்துவிடலாம்.

இரண்டாவது, அது ஒரு சாட்சி. அறிக்கையில் தனிமை என்ற சொல்லைப் படிப்பது ஒன்று. மலைக்கும் கடலுக்கும் இடையில் அந்த முற்றத்தில் நின்று, எட்டு வயதுப் பிள்ளை எந்தத் திசையில் ஓடியிருக்க முடியும் என்று பார்ப்பது வேறொன்று. எந்த ஆவணமும் தர முடியாத அறிவை இடம் தருகிறது.

மூன்றாவது, அது பயன்பாட்டில் உள்ளது. பூட்டிவைத்த நினைவகம் நாளடைவில் மறக்கப்படும். ஆனால் பயன்பாட்டுக்கும் ஓர் ஆபத்து உண்டு. புதிய கல்லூரியின் வெற்றி பழைய கதையை மூடிவிடக் கூடாது. வெளிச்சமான வகுப்பறை, பின்புறத்துக் கல்லறையை மறைத்துவிடக் கூடாது. கல்லூரியும் கல்லறையும் அடுத்தடுத்து இருப்பதுதான் லெட்டர்ஃபிராக்கின் தனித்தன்மை. இரண்டில் ஒன்றை மட்டும் காத்தால் அது பாதி வரலாறாகவே இருக்கும்.

முடிவுரை

பீட்டர் டைரல் தன் வாழ்நாளில் கேட்டது பணமோ பழிவாங்குதலோ அல்ல. நடந்ததை நடந்தது என்று யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அவர் வேண்டியது. அது கிடைக்காமலேயே அவர் இறந்தார். அவருக்குப் பின் நாடு ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. அது நடந்த இடத்திலும் இருக்க வேண்டும்.

முன்னோர் செய்த நன்மைகளை மட்டும் காப்பது பாரம்பரியம் ஆகாது. அவர்கள் யாருக்குத் தீங்கு செய்தனர், அதை எவ்வளவு காலம் மறைத்தனர், பின்பு எப்படித் திருத்திக்கொள்ள முயன்றனர் என்பதும் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல வேண்டிய சொத்துதான். லெட்டர்ஃபிராக்கில் நிற்கும் அந்த எளிய கட்டடமும், அதன் பின்னால் மரங்களுக்கிடையே உள்ள சிறிய கற்களும் அந்தச் சொத்தைச் சேர்ந்தவை. ஒரு நாடு தன் கோட்டைகளைக் காப்பதைவிட இவற்றைக் காப்பதற்கே அதிக மனவலிமை வேண்டும்.